திருப்புளியும் சென்சாரும்: தாடை மூட்டின் அதிர்வைப் பதிவு செய்யும் முறை

என் அப்பா பெங்களூர் ஜாலஹள்ளி எச்.எம்.டி. தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். ஏதாவது ஒரு மெஷின் வழக்கத்துக்கு மாறாக ஓடினால், நீளத் திருப்புளி ஒன்றை எடுத்து, முனையைப் பேரிங் இருக்கும் இடத்தின் மேல் ஊன்றி, கைப்பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு கண்ணை மூடிவிடுவார். அரை நிமிஷம். அப்புறம் "குண்டு தேய்ஞ்சிருக்கு" என்பார். இல்லையென்றால் "கிரீஸ் வறண்டிருக்கு, வேற ஒண்ணுமில்ல" என்பார். வீட்டுக் கிரைண்டருக்கும் இதே வைத்தியம்தான். சின்ன வயதில் நானும் திருப்புளியைக் காதில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு எல்லாம் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது.

இப்போது அல்சூரில் பல் கிளினிக் வைத்துக்கொண்டு ஏறக்குறைய அதே வேலையைத்தான் செய்கிறேன். பேரிங் இருந்த இடத்தில் தாடை மூட்டு, திருப்புளிக்குப் பதில் சென்சார். ஜாயிண்ட் வைப்ரேஷன் அனாலிசிஸ், சுருக்கமாக ஜேவிஏ என்று இதற்குப் பெயர். ஹெட்ஃபோன் மாதிரி ஒரு வளையம். அதன் இரு முனைகளிலும் காதுக்கு முன்னால் உட்காரும்படி ஒவ்வோர் அதிர்வு உணரி. அதிலிருந்து ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயர், அங்கிருந்து லேப்டாப். வாயைத் திறந்து மூடும்போது மூட்டுக்குள் எழும் அதிர்வு திரையில் கோடாக ஓடும். அமெரிக்காவில் மில்வாக்கியைச் சேர்ந்த பயோரிசர்ச் நிறுவனத்தின் பயோஜேவிஏ இதில் பெயர் தெரிந்த ஒன்று.

புதிதாக மெஷின் வாங்கியிருக்கும் இளைய டாக்டர்களை நினைத்துத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கையில் கிராஃப் பிரிண்டை வைத்துக்கொண்டு "இது என்னன்னு சொல்லுங்க மேடம்" என்று வருகிறவர்களுக்கும் புரிகிற மாதிரியே எழுதுகிறேன்.

முதலில் மூட்டு

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுத் துவாரத்துக்கு முன்னால் வைத்து மெல்ல வாயைத் திறந்து பாருங்கள். விரலுக்கடியில் ஒரு குமிழ் சுழன்று, அப்புறம் முன்னால் நகர்வது தெரியும். அந்தக் குமிழ் கீழ்த்தாடை எலும்பின் தலை. அதற்கும் மேலே மண்டையோட்டில் இருக்கும் குழிக்கும் நடுவில் குருத்தெலும்பு மாதிரி ஒரு வட்டு, தொப்பி போலக் கவிழ்ந்திருக்கும். முதல் 20, 25 மி.மீ. திறப்பில் தலை பெரும்பாலும் இருந்த இடத்திலேயே சுழலும். அதற்கு மேல் திறக்கத் தொப்பியோடு சேர்ந்து ஒரு சரிவில் முன்னோக்கிச் சறுக்க வேண்டும்.

தொப்பி முன்பக்கம் நழுவியிருந்தால், தலை சறுக்கி வரும்போது அதன் தடித்த விளிம்பின் மேல் ஏறிக் குதிக்கும். அதுதான் கொட்டாவி விடும்போது கேட்கும் "டக்". மூடும்போது திரும்பவும் தொப்பியை விட்டு நழுவும். பல் சேரப் போகும் நேரத்தில் சின்னதாக இன்னொரு "டக்". தொப்பி நழுவியது நழுவியபடியே அடைத்துக்கொண்டால் குதிப்பு இல்லை, சத்தமும் இல்லை, ஆனால் வாய் பாதிதான் திறக்கும். எலும்பின் மேற்பரப்பே தேய்ந்திருந்தால் பாலாற்று மணலில் செருப்போடு நடக்கிற மாதிரி ஒரு நறநறப்பு.

இந்த மூன்றும் மனதில் இருந்தால் கிராஃப் படிப்பதில் பாதி வேலை முடிந்தது.

மெஷினைத் தொடுவதற்கு முன்

புதிதாக மெஷின் வாங்கியவர்கள் நோயாளி உட்கார்ந்ததும் ஹெட்செட்டை மாட்டிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். இப்போது முதல் கால் மணி நேரம் லேப்டாப்பைத் திறப்பதே இல்லை.

முதலில் கேள்விகள். வலி இருக்கிறதா, சத்தம் மட்டும்தானா? காலையில் எழுந்ததும் தாடை இறுக்கமாக இருக்கிறதா? எப்போதாவது வாய் பூட்டிக்கொண்டதா, எவ்வளவு நேரம்? கீழே விழுந்த அடி, பைக் ஆக்சிடென்ட் உண்டா? காய்ச்சலோடு வீக்கம், முகத்தில் மரத்துப்போன உணர்வு, புதிதாக அடிபட்ட தாடை என்றால் ஜேவிஏ வேண்டாம், வேறு பரிசோதனை வேண்டும். ஐம்பது வயதைத் தாண்டியவர் மென்று சாப்பிடும்போது தாடை களைத்து வலிக்கிறது என்கிறார், கூடவே புதிதாக ஒரு தலைவலி, பார்வையில் மங்கல் என்றால் நெற்றிப்பொட்டு ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். பார்வையே போகக்கூடிய சமாச்சாரம். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட வேண்டும். மாடிப்படி ஏறினால் தாடை வலி, உட்கார்ந்தால் போய்விடுகிறது என்பவர் பார்க்க வேண்டியது இருதய டாக்டரை.

அப்புறம் அளவு. மேல் முன்பல் நுனியிலிருந்து கீழ் முன்பல் நுனி வரை மில்லிமீட்டர் ஸ்கேலில் அளந்து, பல் சேர்ந்திருக்கும்போது மேல்பல் கீழ்பல்லை மூடும் அளவையும் கூட்டிக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்கு 40 மி.மீ.க்குக் குறைவு என்றால் அடிக்கோடு. தானாகத் திறக்கும் அளவு ஒன்று, நாம் விரலால் மெல்ல உதவித் திறக்கும் அளவு ஒன்று, இரண்டும் தனித்தனியாக. தாடையை வலப்பக்கம், இடப்பக்கம் நகர்த்தச் சொல்லி அதையும் குறியுங்கள்.

திறக்கும்போது தாடை ஒரு பக்கம் சாய்கிறதா என்று பார்க்க நான் பல்லிடுக்கு நூலைப் பயன்படுத்துகிறேன். நெற்றி நடுவிலிருந்து மோவாய் வரை இழுத்துப் பிடித்தால், கொத்தனாரின் தூக்குக்குண்டு நூல் மாதிரி நேர்கோடு கிடைத்துவிடும். பாதி வழியில் சாய்ந்து கடைசியில் நடுவுக்குத் திரும்பினால் ஒரு கதை. ஒரு பக்கமாகச் சாய்ந்து அங்கேயே நின்றுவிட்டால் வேறு கதை. பின்னதில், சாயும் பக்கத்து மூட்டுதான் பெரும்பாலும் நகராமல் நிற்கிறது.

கடைசியாக விரல். கன்னத் தசை, நெற்றிப்பொட்டுத் தசை, மூட்டு, எதைத் தொட்டால் "ஆமா, இதுதான் என் வலி" என்கிறார்? தாடை வலி என்று வருகிறவர்களில் எத்தனையோ பேருக்கு வலி தசையில்தான். தசை வலி அதிர்வாக எழாது, மெஷினுக்கு அது கண்ணுக்கே படாது.

பதிவு எடுப்பது

நாற்காலி நிமிர்ந்திருக்க வேண்டும். தலையைப் பின்னால் சாய்க்க விடாதீர்கள். ஹெட்ரெஸ்ட் ஹெட்செட்டில் உரசும். எதிரே லேப்டாப் திரை, கண் மட்டத்தில். சூயிங்கம், பாக்கு எதுவும் வாயில் கூடாது. கழற்றி மாட்டும் பல்செட் அணிபவராக இருந்தால் அது வாயிலேயே இருக்கட்டும், பல் தட்டும் இடம் வேண்டும்.

தாடிக்காரர்களிடம் ஒரு தொல்லை உண்டு. சென்சாருக்கு அடியில் முடி உரசினால் அந்த உரசலும் பதிவாகும். கிருதாவை ஈரப் பஞ்சால் ஒதுக்கிப் படிய வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பெண்களுக்குப் பின்னலை முதுகுப் பக்கம் போட்டு, பூச்சரம் இருந்தால் கொஞ்சம் பின்னால் தள்ளிக் குத்தச் சொல்வோம்.

கம்மல் விஷயத்தில் நான் ஒருமுறை நன்றாக ஏமாந்தேன். மெஷின் வந்த புதிது. மர்ஃபி டவுனிலிருந்து ஓர் அம்மா, உறவுக்காரக் கல்யாணம் முடித்து நேராக வந்திருந்தார்: ஜிமிக்கி, அதிலிருந்து காதுக்கு மேலே ஏறிப் போகும் மாட்டல், எல்லாம் போட்டபடி. நான் ஹெட்செட்டை மாட்டிப் பதிவு எடுத்தேன். திரையில் வலப்பக்கம் ஊசி ஊசியாக, உயர் அதிர்வெண்ணில் ஒரு காடே எழுந்தது. எலும்பு தேய்ந்திருக்கிறது என்று முடிவுகட்டி, முகத்தைக் கனமாக வைத்துக்கொண்டு, "அம்மா, ஒரு ஸ்கேன் எடுக்கணும்" என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் முகம் சுண்டிப் போனது. எங்கள் கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் அக்கா அதற்குள் பின்னாலிருந்து, "டாக்டரம்மா, மாட்டல் ஒயர் மேல ஆடுதே" என்றார். கழற்றிவிட்டு மறுபடி எடுத்தோம். திறக்கும்போது ஒரே ஒரு சின்னக் குதிப்பு, அவ்வளவுதான். அந்த அம்மாவுக்கு அது முப்பது வருஷமாக இருக்கிறதாம், வலியே கிடையாது. பல் சொத்தைக்குத்தான் வந்திருந்தார்.

சரி, சென்சாரை வைக்கும் இடம். காதுத் துவாரத்தை முன்பக்கம் மறைக்கும் சின்ன மடிப்புக்கு ஒரு விரற்கடை முன்னால், மெல்லத் திறந்து மூடச் சொல்லிக் குமிழை விரலால் கண்டுபிடியுங்கள். வாய் மூடியிருக்கும்போது குமிழ் எங்கே இருக்கிறதோ அங்கே சென்சார். இரண்டு பக்கமும் ஒரே உயரம், ஒரே அழுத்தம். ஒரு பக்கம் தளர்ந்தால் அந்தப் பக்கத்து எண் குறைவாக விழும், பிறகு "இடது மூட்டு நன்றாக இருக்கிறது" என்று நாமே கதை கட்டிவிடுவோம். தலையை லேசாக ஆட்டச் சொல்லிப் பாருங்கள், ஹெட்செட் நகரக் கூடாது. ஒயர்களைத் தோளுக்கு மேலே பின்னால் போட்டு ஒரு கிளிப். நோயாளி கைகளை மடியில் வைத்துக்கொள்ளட்டும். காதுப் பக்கம் எது பட்டாலும் கைதான் முதலில் போகும்.

அல்சூர் பஜார் பக்கம் கிளினிக் என்றால் தெரு ஓசைக்குக் குறைவில்லை. நல்ல வேளையாக, இந்த சென்சார் மைக் மாதிரி காற்றில் வரும் ஓசையைப் பிடிப்பதல்ல, தோலின் அதிர்வைப் பிடிப்பது. ஆட்டோ ஹாரன் அடித்தால் ஸ்டெதஸ்கோப்பில் கேட்பவருக்குத்தான் கஷ்டம், இதற்கு அவ்வளவு பாதிப்பில்லை. ஆனால் நாற்காலி வழியாக ஏறும் அதிர்வு வேறு. பக்கத்து அறையில் கம்ப்ரசர் ஓடும்போது நான் பதிவு எடுப்பதில்லை.

இப்போது தாளம். திரையில் ஒரு குறி மேலும் கீழும் ஓடும். அது இறங்கும்போது முழுக்கத் திற, ஏறும்போது மூடி, மேலே வந்ததும் பற்களை லேசாகத் தட்டு. வேகம் ஒரே சீராக இருக்க வேண்டும். வேகமாகத் திறந்தால் அதே "டக்" பெரிதாகப் பதிவாகும், மெதுவாகத் திறந்தால் அமுங்கும். முதல் இரண்டு சுற்றுப் பதிவில்லாமல் ஒத்திகை பாருங்கள். எங்கள் அக்கா தமிழ்க்காரர்களுக்கு "தொற... மூடு", கன்னடக்காரர்களுக்கு "தெகீரி... முச்சி" என்று ராகம் போட்டுச் சொல்வார். திரையைப் பார்ப்பதைவிட அந்தக் குரலைக் கேட்டுத்தான் பலர் சரியாகச் செய்கிறார்கள். பெரியவர்கள் பாதி திறந்துவிட்டு மூடிவிடுவார்கள். முழுக்கத் திறக்காத சுற்றில் குதிப்பு வராமலே போகும்.

பதிவே பத்துப் பதினைந்து வினாடிதான். ஆறேழு சுற்று கிடைக்கும். இடையில் எச்சில் விழுங்கினால், இருமினால், பேசினால் அழித்துவிட்டு மறுபடி. நான் எப்போதும் மூன்று பதிவு எடுப்பேன்; மூன்றும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் ஹெட்செட்டைக் கழற்றி முதலிலிருந்து மாட்டுவேன்.

கோட்டைப் படிப்பது

முதலில் எண்களைப் பார்க்காதீர்கள். கோட்டைப் பாருங்கள்.

ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் எழும் பெரிய முள், பல் தட்டிய அதிர்வு. அதை ஓரங்கட்டுங்கள். மூடும் கடைசி நேரத்தில் வரும் மூட்டின் சின்னக் குதிப்பு இதற்குப் பக்கத்திலேயே ஒட்டி நிற்பதால் இரண்டையும் குழப்பிக்கொள்வது சுலபம். சந்தேகம் வந்தால் பல் படாமல் திறந்து மூடச் சொல்லி இன்னொரு பதிவு.

மிச்சமிருப்பதில் எது ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய அதே இடத்தில் வருகிறதோ அதுதான் மூட்டு. ஒரு சுற்றில் வந்து அடுத்ததில் காணாமல் போவது முடி, ஒயர், விழுங்கல் என்று ஏதாவது.

அடுத்து, எந்தப் பக்கம்? ஒரு மூட்டில் எழும் அதிர்வு எலும்பு வழியாக எதிர்ப்பக்கமும் போய்ச் சேரும். அதனால் இரண்டு கோட்டிலும் தெரியும். பெரிதாக எந்தப் பக்கம், கொஞ்சம் முன்னதாக எந்தப் பக்கம் என்று விரித்துப் பார்த்தால் ஊற்று எங்கே என்று பிடிபடும். "எனக்கு வலதுல சத்தம் வருது" என்று சொன்னவருக்கு இடது மூட்டு குதித்ததை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

அப்புறம் நேரம். திறப்பின் நடுவில் குதித்து, மூடும் கடைசியில் திரும்பக் குதித்தால் நழுவிய தொப்பி திரும்ப ஏறுகிறது என்று எண்ண இடமுண்டு. அகலமாகத் திறக்கும் கடைசிக் கட்டத்தில் மட்டும் தாழ்ந்த ஒரு "டொக்" என்றால், தலை சரிவின் மேட்டைத் தாண்டிப் போகிறது. வாய் ரொம்ப அகலமாகத் திறப்பவர்களிடம் இது சகஜம்.

உருவமும் பேசும். குதிப்பு உயரமாக, குறுகலாக இருக்கும். அதன் சக்தியில் பெரும்பகுதி 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே. தேய்ந்த எலும்பின் நறநறப்பு உயரம் குறைவாக, திறப்பு நெடுக இழுத்துக்கொண்டே போகும். 300 ஹெர்ட்ஸுக்கு மேலேயும் கணிசமாகப் பரவும். அதனால்தான் மென்பொருள் மொத்த அதிர்வு, 300-க்குக் கீழ், 300-க்கு மேல், இரண்டின் விகிதம் என்று நான்கு எண்களைத் தனித்தனியாகக் கொடுக்கிறது. மொத்தம் 20-க்குள் இருந்து, வாயும் 40 மி.மீ.க்குக் குறையாமல் நேராகத் திறந்தால் இயல்பு என்று கொள்வது வழக்கமான கணக்கு.

அந்த வாக்கியத்தில் உள்ள "வாயும்" என்ற சொல்லைக் கோட்டை விட்டவள் நான். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கும் ஒரு பையன், வயது 26. மூன்று வாரமாகத் தாடை வலி. அதற்கு முன் இரண்டு வருஷம் "டக் டக்". இப்போது சத்தம் போய்விட்டது என்று சந்தோஷமாகச் சொன்னான். பதிவு எடுத்தேன். இரண்டு பக்கமும் ஏரித் தண்ணீர் மாதிரி அசையாத கோடு. மொத்தம் 20-க்கு வெகு கீழே. "மூட்டு நன்றாக இருக்கிறதப்பா, தசைதான்" என்று சொல்லி அனுப்பினேன். திறப்பு 27 மி.மீ. என்று என் கையெழுத்திலேயே அந்தத் தாளில் எழுதியிருந்தது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பாவிடம் இதைச் சொன்னேன், பேச்சுவாக்கில். சாம்பாரை ஊற்றிக்கொண்டே, "ஓடாத மெஷினும்தான் சத்தம் போடாது" என்றார். சோறு தொண்டையில் நின்றது. மறுநாள் காலை அந்தப் பையனை ஃபோனில் கூப்பிட்டு வரவழைத்து எம்.ஆர்.ஐ.க்கு அனுப்பினேன். தொப்பி முன்னால் நழுவி அடைத்துக்கொண்டிருந்தது. குதிக்க வழியில்லாததால் சத்தம் நின்றிருக்கிறது, குணமாகியிருக்கவில்லை. சூடு ஒத்தடம், மென்மையான சாப்பாடு, பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்த பயிற்சி என்று சில மாதத்தில் 38 வரை வந்தான். கோடு அப்போதும் அதே மாதிரி அமைதியாகத்தான் இருந்தது.

கோடு சொல்லாதவை

இதற்கு நேர்மாறான ஆளும் எங்கள் வீட்டிலேயே இருந்தார். மெஷின் வந்த முதல் வாரம், கை பழகுவதற்கு யாராவது வேண்டுமே என்று அப்பாவை நாற்காலியில் உட்கார வைத்தேன். அப்போது அவருக்கு 76 வயது. மொத்த அதிர்வு 140-ஐத் தாண்டியது, 300-க்கு மேலேயும் நிறைய. பாடத்தில் போடலாம் போலத் தேய்மானக் கோடு. வலி? ஒரு நாளும் இல்லை. தட்டை, முறுக்கு, கடலை எதையும் விட்டதில்லை. பசவனகுடி கடலைக்காய்ப் பரிஷைக்குப் போய்ப் பையோடு வருகிற ஆள். திரையை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பேரிங் போயிடுச்சு. ஆனா லோடு இல்லையே, அது பாட்டுக்கு ஓடும்" என்றார். அவருக்கு நான் எந்தச் சிகிச்சையும் செய்யவில்லை.

அமெரிக்கப் பல் ஆராய்ச்சிச் சங்கம் 2010-இல் வெளியிட்ட கொள்கை அறிக்கை இந்த மாதிரிக் கருவிகள் எல்லாவற்றையும் பற்றிக் கறாராகவே சொல்கிறது: ஸ்கேன் வகைகளைத் தவிர மற்ற மின்னணுக் கருவிகள் எதுவும் நோயுள்ளவரையும் இல்லாதவரையும் பிரித்துக் காட்டும் அளவுக்குத் துல்லியமானவை அல்ல, நோயாளி சொல்வதும் நேரடிப் பரிசோதனையும்தான் அடிப்படை. மெஷின் விற்பவர்கள் இதை எடுத்துக் காட்டமாட்டார்கள், நீங்கள் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்காக விரல் மட்டும் போதும் என்றும் இல்லை. தாடை மூட்டுக் கோளாறுகளைக் கண்டறிய உலகம் முழுக்கப் பயன்படுத்தப்படும் 2014-ஆம் ஆண்டு டிசி/டிஎம்டி வரையறையின் கணக்குப்படியே, நழுவித் திரும்ப ஏறும் வட்டைக் கையாலும் காதாலும் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 34 பேரிடம்தான் கண்டுபிடிக்க முடியும். எலும்புத் தேய்மானத்தில் 55. வட்டு எங்கே என்று உறுதியாகத் தெரிய எம்.ஆர்.ஐ., எலும்பின் நிலை தெரிய சி.பி.சி.டி. என்ற முப்பரிமாண எக்ஸ்ரே ஸ்கேன். எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எழுதவும் முடியாது, எழுதவும் கூடாது. யாருக்கு எழுத வேண்டும், யாரைச் சும்மா கவனித்தால் போதும் என்று பிரிக்க ஜேவிஏ ஒரு கூடுதல் காது. என் கிளினிக்கில் அதற்கு அந்த இடம்தான்.

அந்த இடத்தைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பிரிண்ட் என் மேசையில் வந்து விழுந்தது. கம்மனஹள்ளியிலிருந்து ஒரு பெண், முப்பத்திரண்டு வயது, வலி கிடையாது, கொட்டாவி விட்டால் மட்டும் சத்தம். வேறோர் இடத்தில் கிராஃப் எடுத்துக் காட்டி, "இப்படியே விட்டால் வாய் பூட்டிக்கொள்ளும்" என்று பயமுறுத்தி, கடி மட்டத்தைச் சரிசெய்ய எல்லாப் பல்லுக்கும் கேப் போட எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். லட்சக்கணக்கில். வலியில்லாத, பூட்டிக்கொள்ளாத "டக்" ஊரில் எத்தனையோ பேருக்கு உண்டு, பெரும்பாலும் அப்படியே இருந்துவிட்டுப் போகும். ஒரு கோட்டை நம்பிப் பல்லை ராவ ஒப்புக்கொள்ளாதீர்கள். ராவிய பல் திரும்ப வராது. அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்தது, கொட்டாவி வரும்போது மோவாயைக் கையால் தாங்கிக்கொள் என்ற யோசனையும், ஆறு மாதம் கழித்து வா என்ற தேதியும்.

திரும்ப எடுப்பது

இந்த மெஷினின் உண்மையான பயன் இரண்டாவது பதிவில்தான் தெரியும். பல் கம்பி போடுவதற்கு முன் ஒன்று, சிகிச்சை நடுவில் ஒன்று. ராத்திரி பல்லில் மாட்டும் ஸ்பிளிண்ட் (பிளாஸ்டிக் உறை) கொடுத்தால் அதற்கு முன்னும் மூன்று மாதம் கழித்தும். அதே ஆளை அவரோடேயே ஒப்பிடும்போது எண்களுக்கு அர்த்தம் வருகிறது. குதிப்பு முன்பு திறப்பின் நடுவில் வந்தது, இப்போது கடைசியில் வருகிறதா? நறநறப்பு புதிதாகச் சேர்ந்ததா? சத்தம் திடீரென்று அடங்கியதா, அடங்கியதென்றால் வாய் எவ்வளவு திறக்கிறது?

ஒப்பிட வேண்டுமென்றால் எடுக்கும் முறை மாறக் கூடாது. அதே வேகம், அதே நிமிர்ந்த நாற்காலி, முடிந்தால் அதே நேரம். சங்கராந்தி முடிந்த வாரம் நான் ஒப்பீட்டுப் பதிவு வைத்துக்கொள்வதில்லை. வீடு வீடாக எள்ளு பெல்லாவோடு (எள், வெல்லக் கலவை) வரும் கரும்பையெல்லாம் கடித்துவிட்டுத் தாடை வீங்கி வருகிறார்கள். அப்படி வருகிறவர்களுக்கு இரண்டு வாரத்துக்கு ராகி முத்தே (கேழ்வரகுக் களி உருண்டை) சிபாரிசு செய்வேன். தமிழ்க்காரர்கள் அதை மென்று பார்த்துவிட்டு முகம் சுளிப்பார்கள். அதை மெல்லவே கூடாது, சாரில் (கன்னடத்து ரசம்) தோய்த்து விழுங்க வேண்டும் என்று எதிர்வீட்டுக் கன்னடக்காரம்மா எனக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் அவர்களுக்குச் சொல்வேன். தாடைக்கு இதைவிட ஓய்வான சாப்பாடு ஏது?

ஒவ்வொரு பதிவோடும் ஒரு தாள் வைக்கிறோம். தேதி, திறப்பு எத்தனை மி.மீ., உதவியோடு எத்தனை, எந்தப் பக்கம் சாய்கிறது, வலி எங்கே, எத்தனை பதிவு எடுத்தோம், கம்ப்ரசர் நிறுத்தப்பட்டதா. கடைசிக் கட்டத்தை மட்டும் அச்சடித்த பிறகு அக்காவே ஸ்கேல் வைத்துப் பேனாவால் கோடு போட்டுச் சேர்த்தார்: "கம்மல், மாட்டல் கழட்டியாச்சா?"